ஒரு நெல்லிக்காய் வரி

சடைச்சி என்ற முள்ளம்பன்றிக்கு எப்போதும் ஏதாவது ஒரு கவலை. மழை பெய்தால் வளைக்குள் தண்ணீர் வருமோ என்று கவலை. வெயில் அடித்தால் கிழங்கு வாடிப்போகுமோ என்று கவலை. கவலை வரும்போதெல்லாம் அவள் வளையைத் தோண்டினாள். ஏழு வருஷம் தோண்டினாள். ஓர் அறை எட்டு அறை ஆயிற்று. ஒரு வாசல் ஆறு வாசல் ஆயிற்று. புதுக்காட்டில் அவ்வளவு பெரிய வளை வேறு கிடையாது. புருஷன் செத்த பிறகு அவளுக்கும் அவளுடைய இரண்டு பெண் குட்டிகளுக்கும் அந்த வளைதான் எல்லாம்.

புதுக்காடு ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்தது. அங்கே வாழ்ந்த மிருகங்கள் எல்லாம் ஒரு காலத்தில் மேற்குக் கரையில், பழங்காட்டில் இருந்தவைதான். அங்கே பஞ்சம் வந்தபோது பன்றிகளும் முயல்களும் நீர்நாய்களும் முள்ளம்பன்றிகளும் ஆற்றைக் கடந்து வந்துவிட்டன. வந்த புதிதில் யாரிடமும் ஒன்றும் இல்லை. ஒருவரை ஒருவர் கேட்டு வாங்கித்தான் பிழைத்தார்கள்.

அதிலிருந்து அவர்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. அடுத்தவர் பொருள் வேண்டுமென்றால் வாசலில் நின்று குரல் கொடுத்துக் கேட்க வேண்டும். "எடுத்துக்கோ" என்று உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் தொட வேண்டும். காய்ந்த சருகானாலும் அப்படித்தான். கேட்காமல் தொட்ட குட்டி அன்றைக்குப் பட்டினி.

பழங்காட்டுப் புலியைத்தான் அவர்களும் ராஜா என்று சொல்லி வந்தார்கள். ராஜா தூரத்தில் இருந்தார். அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

ஒரு கோடையில் கழுதைப்புலிக் கூட்டம் ஒன்று புதுக்காட்டுக்குள் புகுந்தது. புலி ராஜா செந்நாய்ப் படையோடு ஆற்றைக் கடந்து வந்து அவற்றை விரட்டினார். படை திரும்பிப் போனபோது பாதி நாய்களுக்கு நொண்டல். மீதி நாய்களுக்குப் பசி. பழங்காட்டில் சேர்த்து வைத்த இரையும் தீர்ந்துபோயிருந்தது.

"யாருக்காகச் சண்டை போட்டோம்? அவங்களுக்காக! அப்போ அவங்கதான் கொடுக்கணும்!" என்றார் ராஜா.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

மறுவாரமே ராஜாவின் வசூல்காரர் நரியார் ஆற்றைக் கடந்து வந்தார். அவர் யார் வாசலிலும் நின்று குரல் கொடுக்கவில்லை. நேராக உள்ளே கையை விட்டார். பத்துக் கிழங்குக்கு ஒரு கிழங்கு எடுத்துக்கொண்டார். உப்பு மண்ணை நக்கினால் அதற்கு ஒரு கிழங்கு என்றார். ஆலமரத்து நிழலில் படுத்தால் அதற்கும் ஒன்று என்றார்.

"இது என்ன?" என்று கேட்டான் கொழுவன். அவன் காட்டுப்பன்றிகளுக்குத் தலைவன். கொஞ்சம் வாய் நீளம்.

"வரி!" என்றார் நரியார்.

"யாரைக் கேட்டுப் போட்டாரு ராஜா?"

"ராஜா யாரைக் கேட்கணும்?"

கொழுவன் நரியாரைச் சேற்றில் உருட்டித் திருப்பி அனுப்பினான்.

அதன் பிறகு புதுக்காட்டில் யாரும் வரி கொடுக்கவில்லை. உப்பு மண்ணை நக்குவதை விட்டார்கள். நிழல் இருக்க வெயிலில் போய்ப் படுத்தார்கள். முயல்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு!" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன. ஒரே மாதத்தில் பதினோரு நரிகள் சேற்றோடு பழங்காட்டுக்குத் திரும்பின.

பழங்காட்டில் கரடி ஒருவர் ராஜாவுக்கு மந்திரியாக இருந்தார். "விட்டுடுங்க ராஜா! வர்ற கிழங்கைவிட நரிகளைக் கழுவுற செலவு அதிகம்!" என்றார் அவர்.

ராஜா யோசித்தார். "சரி. எல்லா வரியையும் எடுத்துடறேன். ஆனா ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும். வீட்டுக்கு ஒரு நெல்லிக்காய், வருஷத்துக்கு ஒரு தடவை!"

"நெல்லிக்காயா? நீங்க அதை மோந்துகூடப் பார்க்க மாட்டீங்களே!"

"திங்கிறதுக்கா கேட்கிறேன்? வரி போட எனக்கு அதிகாரம் இருக்குன்னு அவங்க மறக்கக் கூடாது. அதுக்குத்தான். ஒரு நெல்லிக்காய்க்காக எவன் சண்டைக்கு வருவான்?"



செய்தி புதுக்காட்டுக்கு வந்தது. ஆற்றுத்துறையில் எல்லோரும் கூடினார்கள். சடைச்சிக்குப் பல நாளைக்குப் பிறகு மூச்சு நேராக வந்தது.

"கொடுத்துட்டுப் போவோமே! ஒரு நெல்லிக்காய்தானே! மரத்தடியில கொட்டிக் கிடக்கு. அதுக்காகப் புலியைப் பகைச்சுக்கணுமா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு!" என்றாள்.

"மதினி, காய் சின்னதுதான்," என்றான் கொழுவன். "ராஜா வந்து, 'அம்மா, வீட்டுல கஷ்டம், ஒரு கூடை நெல்லிக்காய் குடுங்க'ன்னு கேட்கட்டும். மரத்தையே பேர்த்துத் தோள்ல சுமந்துட்டுப் போறேன்! ஆனா கேட்காம ஒண்ணை எடுக்கிறவரு, கேட்காம எல்லாத்தையும் எடுப்பாரு!"

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு!" என்று சடைச்சி முள்ளைச் சிலிர்த்தாள்.

"மதினிக்குப் புலி தாய்மாமன் முறை போலிருக்கு!" என்றாள் நெட்டைக்காதி என்ற முயல். கூட்டம் சிரித்தது. ஒருவரும் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று.

சடைச்சி சிரிக்கவில்லை. மறுநாள் நரியார் வந்தபோது புதர் மறைவில் கூப்பிட்டு மூன்று நெல்லிக்காய் கொடுத்தாள்.

"ஒண்ணுதானே கேட்டோம்?"

"அடுத்த ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து வெச்சுக்கோங்க, ஐயா. இந்தப் பக்கம் அடிக்கடி வர வேண்டாம்!"

"நீதான் விசுவாசமானவ! உன் பேரை ராஜாகிட்டச் சொல்றேன்!"

"ஐயோ, யார்கிட்டயும் சொல்லாதீங்க! அது போதும் எனக்கு!"

வேறு யாரும் கொடுக்காததால் நரிகளே மரத்தை உலுக்கிக் காய் பொறுக்கின. ஒரு பெரிய மரக்கட்டையில் குவித்து ஆற்றில் விட்டன. நடு ஆற்றில் நீர்நாய்கள் அடியில் முங்கிப் போய்க் கட்டையைப் புரட்டிவிட்டன. நெல்லிக்காய் எல்லாம் பச்சைப் பசேலென்று மிதந்து போயிற்று. கரையில் நின்றவர்கள் கும்மாளம் போட்டார்கள்.

ராஜாவுக்கு அது எட்டியது. "காய் போனா போகட்டும். இப்போ நான் விட்டா என் பேரு போயிடும்!" என்று உறுமினார். நாற்பது செந்நாய்களை அனுப்பினார்.

படை ஆற்றுத்துறையில் கரையேறியது. புதுக்காட்டார் வழி மறித்தார்கள். "விலகுங்க!" என்றான் கிழட்டுச் செந்நாயான படைத்தலைவன். யாரும் விலகவில்லை. யார் முதலில் பாய்ந்தார்கள் என்று பிறகு யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. சண்டை ஓய்ந்தபோது மூன்று முயல்கள் செத்துக் கிடந்தன. அதில் ஒன்று நெட்டைக்காதியின் புருஷன். கொழுவனுக்கு ஒரு காது போயிருந்தது.

அதுவரை அது வரிச் சண்டை. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள், "எங்களுக்கு ராஜாவே வேண்டாம்!" என்ற சண்டை ஆகிவிட்டது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. படையால் திரும்பிப் போகவும் முடியவில்லை. அக்கரையிலிருந்து வேறு படை வரவும் முடியவில்லை.

"நனைஞ்சு சாகிறோம்! ஒதுங்க இடம் இல்லையா?" என்று கேட்டான் படைத்தலைவன்.

"இருக்கே! இந்தக் காட்டுல விசுவாசமான வீடு ஒண்ணே ஒண்ணு இருக்கு. வளையும் பெருசு!" என்றார் கூடவே வந்திருந்த நரியார்.

சடைச்சி குட்டிகளுக்கு இரை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு வாசலிலும் ஈரச் செந்நாய்கள் நுழைந்தன. ஒன்றுகூடக் குரல் கொடுக்கவில்லை.

"உனக்கு நல்ல காலம் சடைச்சி! ராஜாவோட படை உன் வீட்டுல தங்கப்போகுது!" என்றார் நரியார்.

"ஐயா! நான்தான் மூணு காய் கொடுத்தேனே!"

"அதனாலதான் இங்கே கூட்டிட்டு வந்தேன்!"

படை ஏழு அறைகளை எடுத்துக்கொண்டது. கிழங்கை எல்லாம் மூன்றே நாளில் தின்று தீர்த்தது. சடைச்சியும் குட்டிகளும் கடைசி அறையில், வேர்களுக்கு நடுவே ஒண்டிக்கொண்டார்கள். "உன் முள்ளு குத்துது. ஓரமாப் படு!" என்று படைத்தலைவன் அங்கேயும் வந்து திட்டினான். செந்நாய்கள் தினமும் வளையிலிருந்து கிளம்பிப் போய் யாரையாவது கடித்துக் குதறிவிட்டுத் திரும்பி வந்து தூங்கின. சின்னக் குட்டியைப் பார்த்து ஒரு செந்நாய் நாக்கைச் சுழற்றியது. அதைச் சடைச்சி பார்த்துவிட்டாள்.

ஒரு காலையில் அவள் படைக்காக மழையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். கொழுவன் வந்து பத்தடி தள்ளி நின்றான்.

"மதினி, ஒரு வார்த்தை பேசலாமா?"

"திட்டத்தானே வந்தீங்க? திட்டிட்டுப் போங்க!"

"திட்ட வரலை. கேட்க வந்தேன்." "உன் வளைக்கு மேலே ஓடை போகுதுல்ல? நீர்நாய்கள் கரையை வெட்டினா தண்ணி அப்படியே வளைக்குள்ள இறங்கும். படை வெளியே வந்துதான் ஆகணும். மழை விட்டு ஆறு வடிஞ்சா அடுத்த படை வந்துடும். அப்புறம் நாம இல்லை."

"வளை?"

"இடிஞ்சு போகும். ஒண்ணும் மிஞ்சாது. ஏழு வருஷ வேலை, எனக்குத் தெரியும். நீ வேண்டாம்னு சொன்னா ஒரு பிடி மண்ணைத் தொட மாட்டோம்."

"வேற வழி ஏதாவது இருக்கா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்குக் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க? வெட்டிவிட வேண்டியதுதானே!"

"உன் வீடு மதினி! கேட்காம எப்படி?"

சடைச்சி மழையில் மறுபடி தோண்டத் தொடங்கினாள். குட்டிகளை எங்கே படுக்க வைப்பது? மார்கழிக் குளிருக்கு என்ன செய்வது? திரும்பத் தோண்ட உடம்பில் தெம்பு இருக்குமா? கவலைப்பட அன்றைக்கு நிறைய இருந்தது. எல்லாவற்றையும் பட்டு முடித்தாள்.

பிறகு சொன்னாள். "மேற்கு வாசல்ல தண்ணியை விடுங்க. அங்கேதான் சரிவு. மத்த நாலு வாசலைப் பாறை வெச்சு அடைங்க. கிழக்கு வாசலை மட்டும் விட்டுடுங்க. அங்கே நான் நிற்கிறேன்."

"அதையும் அடைச்சா ஒரேயடியா முடிஞ்சுடுமே!"

"நாற்பது பொணம் கிடக்கிற மண்ணுல நான் எப்படி மறுபடி தோண்டுவேன்? திறந்தே இருக்கட்டும்! நாளைக்கு மத்தியானம் வெச்சுக்கோங்க. தின்னுட்டு எல்லாம் தூங்கும்."

மறுநாள் மத்தியானம் அவள் இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றான் படைத்தலைவன்.

"ராஜாவுக்கு நெல்லிக்காய் பொறுக்க, ஐயா. இன்னும் நாலு வருஷத்துக்குச் சேர்த்துக் கொடுத்துடலாம்னு!"

"நல்ல குடிமக!" என்று கொட்டாவி விட்டுப் புரண்டு படுத்தான் அவன்.

ஓடைக் கரை உடைந்தது. தண்ணீர் மேற்கு வாசலில் பாய்ந்து அறை அறையாக நிரம்பியது. செந்நாய்கள் அலறிக்கொண்டு ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு ஓடின. எங்கே பார்த்தாலும் பாறை! கடைசியில் கிழக்கு வாசலில் வெளிச்சம் தெரிந்தது. படைத்தலைவன் முதல் ஆளாகப் பாய்ந்தான். மூக்கில் முள் ஏறியது. வாசலை அடைத்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள் சடைச்சி. வாசலுக்கு வெளியே புதுக்காட்டு முள்ளம்பன்றிகள் அத்தனையும் நின்றன. நெட்டைக்காதியும் ஓரத்தில் நின்றாள்.

"சடைச்சி! நீயா? நீ விசுவாசமானவளாச்சே! வழி விடு!"

"வெளியே வரணும்னா கேட்டுட்டு வாங்க, ஐயா!" என்றாள் சடைச்சி.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. படைத்தலைவன் கேட்டான். "அம்மா, வெளியே வரலாமா?"

"இனிமே கடிக்க மாட்டேன்னு சொல்லுங்க!"

சொன்னான். நாற்பது செந்நாய்களும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, வாலை இடுக்கிக்கொண்டு வெளியே வந்தன. நரியார் கடைசியாக வந்தார். அவர் இரண்டு தடவை கேட்டார். பொழுது சாய்வதற்குள் வளை இடிந்து ஒரு குட்டை ஆயிற்று.

ஆறு வடிந்ததும் படையைக் கட்டைகளில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பினார்கள். அடுத்த கோடையில் ராஜா இன்னொரு படையைத் திரட்டிப் பார்த்தார். போய் வந்த செந்நாய்கள் திரும்பப் போக மறுத்தன. புதிதாகச் சேர்ந்தவை ஆற்றுத்துறையில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துத் திரும்பின. "இனி அந்தக் கரை உங்களுடையது" என்று சொல்லிவிட்டு வரக் கரடி மந்திரியை அனுப்பினார் ராஜா.

மந்திரி சேதியைச் சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு மேட்டுப் பக்கம் மண் பறப்பதைப் பார்த்தார். சடைச்சி புது வளை தோண்டிக்கொண்டிருந்தாள். ஓர் அறைகூட முடியவில்லை. குட்டிகள் மண்ணைத் தள்ளின. நெட்டைக்காதி பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ஆழமா மதினி!" என்று ஏவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேட்கலாமா அம்மா?" என்றார் மந்திரி. "ஒரு நெல்லிக்காய் கொடுக்க மாட்டேன்னு சண்டை போட்ட காடு இது. எட்டு அறை வீட்டை நீ எப்படித் தூக்கிக் கொடுத்தே?"

"நெல்லிக்காயையும்தான் கொடுத்தேன், ஐயா! அது பயந்து கொடுத்தது. கொடுத்த பிறகும் பயம் போகலை. வீடு, வந்து கேட்டாங்க, கொடுத்தேன்," என்றாள் சடைச்சி. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மேல மண்ணு விழும்."

கேட்டு வாங்குகிறவருக்கு வீட்டையே கொடுக்கிற ஜனங்கள்கூட, கேட்காமல் பறிக்கிறவர் எவ்வளவு கொஞ்சமாகப் பறித்தாலும் ஒரு நாள் அவரையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.