எட்டடித் தொலைவு

தணிகாசலம் அறுபத்து மூன்று வயதில் சீடரானவர். அவருடைய குரு பிக்குணி உத்தரைக்கு முப்பத்தொன்பது வயது. அவர் குருவை ‘அம்மா’ என்று அழைப்பார். குரு அவரை ‘ஐயா’ என்பார்.

சீடராவதற்கு முன் தணிகாசலம் சென்னையில் பஸ் ஓட்டினார். இருபத்தாறு வருஷம், ஒரே ரூட். வழியில் ஒரு பழைய புத்த விகாரை இருந்தது. சிக்னல் விழுந்தால் வண்டி சரியாக அதன் வாசலில்தான் நிற்கும்.

அந்த விகாரையில்தான் அவருடைய மாமனார், மாமியார் கல்யாணம் நடந்தது. அதைப் பார்க்க அவர் மனைவி பூங்காவனத்துக்கு ஆசை.

“ஒரு நாள் கூட்டிட்டுப் போயேன்.”

“போலாம். அடுத்த மாசம் பாக்கலாம்.”

லீவு நாளிலும் அதே ரோட்டைப் பார்க்க அவருக்கு அலுப்பாக இருந்தது. நீ மட்டும் போய்ட்டு வாயேன் என்றால், “உன்னோட போனாத்தான்” என்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். ஒரு ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த வருஷம் அவர் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தரையின் சின்ன மடத்துக்கு வந்தார். முற்றம் பெருக்கினார். பூங்காவனம் கேட்டதையும் தான் தள்ளிப்போட்டதையும் ஒரு நாள் குருவிடம் சொன்னார். திரும்பிப் போகவில்லை.

நகரத்து விகாரையை மூடப் போகிறார்கள் என்று ஒரு நாள் செய்தி வந்தது. கூரையும் சுவர்களும் பழுது பார்க்க ஒரு வருஷம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணியோடு மூடிவிடுவார்கள்.

உத்தரை அவரிடம் வந்தார்.

“ஐயா, ஞாயிற்றுக்கிழமை போயிட்டு வரலாமா?”

தணிகாசலம் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

“சரிம்மா” என்றார்.

மின்சார ரயிலில் வந்து இறங்கி நடந்தார்கள். மெட்ரோவுக்காக ரோட்டில் பாதியைத் தோண்டித் தகரம் அடைத்திருந்தார்கள். மிச்சப் பாதியில் எல்லா வண்டிகளும் நின்று ஹாரன் அடித்தன. செல்போன் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் விகாரையின் வாசல். உள்ளே ஓர் அரசமரம். அதற்குப் பின்னால் ஓடு வேய்ந்த மண்டபம். அங்கே, நூறு வருஷத்துக்கு முன் ஏதோ ஏரியில் கிடைத்தது என்று சொல்லும் கல் புத்தர்.

கடைசி நாள் என்பதால் கூட்டம் இருந்தது. மணி பதினொன்றரை.

வாசலில் தணிகாசலத்தின் கால்கள் நின்றுவிட்டன.

“நீங்க போய்ப் பாருங்கம்மா.”

“நீங்க வரும்போது வர்றேன்.”

உத்தரை அவர் பக்கத்திலேயே நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க.”

“உயிரோட இருந்தவளுக்குச் சொன்ன சொல்லு. அவ போனப்புறம் அதை எப்படிக் காப்பாத்துறது?”

உத்தரை தோளில் இருந்த துணிப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவர் குடித்தார்.

“நான் மட்டும் உள்ள போய்ப் பார்த்தா அது அவளுக்குச் செய்யற துரோகம் மாதிரி இருக்கு. போகாம திரும்பினாலும் அப்படித்தான் இருக்கு.”

“ஆமாம்” என்றார் உத்தரை. “கஷ்டம்தான்.”

அப்போது ஒரு கணவனும் மனைவியும் வாசலுக்கு வந்தார்கள். ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். கணவர் தலையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி, கையில் இரண்டு பைகள். அந்த அம்மாளின் இடுப்பில் ஒரு மூட்டை.

வாட்ச்மேன் தடுத்தார். “சாமானோட உள்ள விட மாட்டோம்.”

“நீ போய்ப் பாத்துட்டு வா கன்னியம்மா” என்றார் கணவர். “நான் இங்கயே நிக்கறேன்.”

“நீயும் வா.”

“இதையெல்லாம் எங்க வெக்கறது? ஒன்றரைக்கு ஆரணி வண்டி.”

“தனியா நான் போகலை.”

“அப்ப விடு. இன்னொரு வாட்டி பாக்கலாம்.”

அந்த அம்மாள் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். “சரி, வா” என்று திரும்பினாள். குரலில் கோபமே இல்லை.

தணிகாசலம் ஓரடி முன்னால் வந்தார்.

“ஐயா, இறக்கி வைங்க. நான் பாத்துக்கறேன்.”

கணவர் அவரையும், அவருடைய மழித்த தலையையும், வெள்ளை வேட்டியையும் பார்த்தார்.

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?”

“இறக்குங்க. ரெண்டு பேருமாப் போயிட்டு வாங்க.”

அவரே பெட்டியைப் பிடித்து இறக்கினார். பிறகு குருவிடம் திரும்பினார்.

“அம்மா, நீங்களும் கூடப் போங்க. அவங்களுக்கு உள்ள இடம் தெரியாது.”

உத்தரை அவரை ஒரு நொடி பார்த்தார். பிறகு அவர்களை அழைத்துக்கொண்டு போனார்.

தணிகாசலம் வாசல் ஓரத்தில் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார்கள், பிறகு போகலாம் என்று நினைத்துக்கொண்டார். இப்போது போய்விட முடியும் என்று தோன்றியது.

எதிரே சிக்னல் விழுந்தது. ஒரு பஸ் வந்து வாசலை ஒட்டி நின்றது. அவருடைய பழைய ரூட் நம்பர்தான். ஓட்டுநர் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்தில் போட்டிருந்த துண்டின் கிழிசல்கூடத் தெரிந்தது. தணிகாசலம் கண்ணால் அளந்தார். வண்டிக்கும் வாசலுக்கும் நடுவில் எட்டடிதான் இருக்கும். அவ்வளவு கிட்டத்திலா இருந்தது என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பச்சை விழுந்தது. பஸ் போனது.

மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். அவர் எழுந்து எட்டிப் பார்த்தார். மண்டபத்தில் இருவரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிட வாயெடுத்தார். அந்த அம்மாளின் முதுகைப் பார்த்தார். கூப்பிடாமல் வந்து உட்கார்ந்துவிட்டார்.

வாட்ச்மேன் கைமணியை அடித்தார். கூட்டம் வெளியே வரத் தொடங்கியது.

“சீக்கிரம், சீக்கிரம்! கேட்டைச் சாத்தணும்.”

“உள்ள ஆள் இருக்காங்க தம்பி. கொஞ்சம் பொறுங்க” என்றார் தணிகாசலம்.

“மணி ஆச்சுங்க பெரியவரே.”

“ரெண்டு நிமிஷம். அவசரப்படுத்தாதீங்க.”

வாட்ச்மேன் பொறுத்தார். கடைசியாக மூவரும் வந்தார்கள். இரும்புக் கதவு மூடியது. கான்ட்ராக்டரின் ஆட்கள் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

கணவர் கதவையும் தணிகாசலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஐயோ, நீங்க பாக்கலியா?”

“பரவால்லீங்க. உங்க வண்டிக்கு நேரமாச்சு.”

ஆட்டோவை நிறுத்திப் பெட்டியை ஏற்றிவிட்டார். கன்னியம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். ஆட்டோ நெரிசலில் நுழைந்து மறைந்தது.

குருவும் சீடரும் ஸ்டேஷனை நோக்கி நடந்தார்கள். மேம்பாலத்தின் நிழல் வந்ததும் தணிகாசலம் நின்றார். அவர் முகம் கலங்கியிருந்தது.

“இவ்வளவு தூரம் வந்தும் நான் உள்ள போகலை. அவளுக்குச் சொன்னதை நான் செய்யவே இல்லைம்மா.”

உத்தரை அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

“உள்ளே அந்த அம்மா எதுவும் வேண்டிக்கலை ஐயா. ரொம்ப நேரம் சும்மா பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சாங்க. ‘கூட்டிட்டு வந்துட்டியே’ன்னாங்க.”