கத்திரிப்பூ நிறத்தில் ஒரு படிகம்

கர்ர்... கர்ர்... டிங்.

கண்ணாடிக்குள் எஃகு சுரண்டுகிற சத்தம். இரண்டு இழுப்பு, பிறகு விளிம்பில் ஒரு தட்டு. சவரிராயனுக்கு இப்போது எழுபது வயது. ஒரு காது முழுதாகப் போய்விட்டது, இன்னொன்று பாதி. ஆனால் அந்தச் சத்தம் மட்டும் இருபத்து நான்கு வருடங்களாக உள்ளே அப்படியே இருக்கிறது.

முதலில் அதைக் கேட்டபோது அவருக்கு நாற்பத்தாறு. நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். முனைவர் பட்டத்துக்காக மூன்று வருடம் விடுப்பு வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். ஆய்வுக்கூடத்தின் கதவைத் தள்ளினார். ஒரு பெண் ஜன்னலைப் பார்த்து நின்றபடி சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பேராசிரியர் மெகருன்னிசா எங்க இருப்பாங்கம்மா?"

"இங்கதான். உட்காருங்க சார்."

கர்ர்... கர்ர்... டிங்.

அந்தப் பெண்தான் வழிகாட்டி. வயது முப்பத்தேழு. மாணவரை விட ஒன்பது வயது இளையவர். சின்னப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல் 'அம்மா' போட்டதை நினைத்துச் சவரிராயனுக்குக் காது சுட்டது. அன்றிலிருந்து அவர் 'மேடம்' என்றார். அந்த அம்மாள் கடைசி வரை 'சார்' என்றே சொன்னார்.

"வயசுல பெரியவர். நான் திட்டினா கோபம் வருமா சார்?"

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம். திட்டு வாங்கிப் பழக்கம்தான்."

மெகருன்னிசா சிரித்துவிட்டுக் குப்பியை நீட்டினார். உள்ளே கத்திரிப்பூ நிறத்தில் படிகங்கள் மினுங்கின.

காந்தம் என்றால் நமக்கு இரும்பு. உலை, நெருப்பு, உருக்கு. இது வேறு. செம்பும் ஒரு கரிமப் பொருளும் திரவத்தில் கரைந்து, மூன்று வாரம் யாரும் தொடாமல் இருந்து, மூலக்கூறுகள் தாமாகக் கைகோத்துக்கொண்டு உண்டாவது. இப்படிக் காந்தம் செய்ய முயல்கிறவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். அவர்கள் செய்ததில் பெரும்பாலானவை கடுங்குளிரில் மட்டும் காந்தமாக இருக்கும். அறைச் சூட்டுக்கு வந்ததும் மறந்துபோகும். மெகருன்னிசாவின் படிகம் மறக்கவில்லை. சின்னக் காந்தம்தான், ஆனால் காந்தம். இருபத்தெட்டு வயதில் அதைப் பற்றி எழுதினார். அந்தத் துறையில் அவரை எல்லோருக்கும் தெரிந்தது அதனால்தான்.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கரைசலை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். படிகத்தை எடுப்பது மட்டும் மேடம்தான். அது கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். மேசை இழுப்பறையில் அவருக்கென்று ஓர் எஃகுக் கரண்டி உண்டு. விரல் அகலம்கூட இல்லாதது. அதை வைத்துப் பக்குவமாகச் சுரண்டி எடுப்பார்.

"எங்களுக்கு வராது சார்," என்றாள் தாட்சாயணி. இருபத்து நான்கு வயது ஆராய்ச்சி மாணவி, வாய் ஓயாதவள். "ஜப்பான்ல ஒரு கூட்டம் இதே படிகத்தைச் செஞ்சு பாத்துச்சு. அளந்தா ஒண்ணுமில்ல. மேடம் தன் கையால எடுத்து இங்கேருந்து அனுப்பினாங்க. அங்க போய் ஜம்முனு காந்தமா நின்னுச்சு. கைராசி."

"கெமிஸ்ட்ரில கைராசியா?"

"எங்க அம்மா வைக்கிற ரசத்தை நீங்க வச்சுப் பாருங்க. அப்பத் தெரியும்."

சவரிராயன் தன் பையிலிருந்து ஒரு கட்டு மரக்கரண்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். ஐஸ்கிரீம் கப்போடு கொடுப்பார்களே, அது.

"சார், பிறந்தநாளா?"

"எங்க காலேஜ்ல நாப்பது பிள்ளைங்களுக்கு மூணு ஸ்பாச்சுலா, அதான் இந்த மாதிரி எஃகுக் கரண்டி. மத்தவங்க இதுலதான் எடுப்பாங்க. எனக்கும் கை பழகிப்போச்சு."

அன்று முழுக்க அவளுக்கு அதுதான் சிரிப்பு.

மூன்றாவது வருடம் பிப்ரவரியில் மெகருன்னிசாவின் வாப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை. கீழக்கரைக்குக் கிளம்பும்போது சொன்னார்.

"ஜன்னலோரக் குப்பியெல்லாம் தயாராயிடும். நீங்களே எடுத்து அளந்துடுங்க சார். உங்க ஆய்வேட்டுல கடைசி அத்தியாயம் அதுதானே?"

"நானா மேடம்?"

"படிகம் கடிக்காது."

சவரிராயன் எடுத்தார். பழகிய மரக்கரண்டியால்தான். மரம் மெத்தென்று இருப்பதால் ஒரு குப்பிக்கு ஒரு மத்தியானம் ஆனது. எடுத்த தூளைக் காப்ஸ்யூலில் அடைத்து, காப்ஸ்யூலை இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவுக்குள் செருகி, அளக்கும் இயந்திரத்தில் இறக்கினார். கோடி ரூபாய் இயந்திரத்துக்கும் அந்த ஸ்ட்ராதான் வேண்டும். ஒரு தூசிக்குள் இருக்கும் காந்தத்தையும் கண்டுபிடித்துவிடும் இயந்திரம் அது.

திரையில் நேர்க்கோடு. காந்தமில்லை.

இரண்டாவது குப்பி. நேர்க்கோடு. ஆறாவது குப்பி வரை நேர்க்கோடு.

"நான்தான் சொன்னேனே," என்றாள் தாட்சாயணி. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

ஏழாவது குப்பியில் பாதியை மரக்கரண்டியால் எடுத்தார். பிறகு மேடத்தின் இழுப்பறையைத் திறந்து, எஃகுக் கரண்டியை எடுத்து, மீதிப் பாதியைச் சுரண்டினார்.

மரத்தால் எடுத்ததில் நேர்க்கோடு. எஃகால் எடுத்ததில் காந்தத்துக்கே உரிய வளைவு, மேடத்தின் கட்டுரையில் புகழ்பெற்ற அதே வளைவு.

சவரிராயன் கரண்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. பன்னிரண்டு வருடத் தேய்மானம். தேய்ந்தது எங்கே போயிருக்கும்?

துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்து, இழுப்பறையை மூடினார்.

பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் மனைவி ஜெபமணியிடம் தொலைபேசியில் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்தப் பிள்ளை ஊர்லேருந்து எப்ப வருது?"

"நாளைக்கு."

"சொல்லிட்டு வாங்க. சொல்லாம வந்தீங்கன்னா தொண்டையில மீன் முள்ளு நிக்கிற ஆளு மாதிரியே திரிவீங்க. என்னால அந்த மூஞ்சியப் பாத்துட்டு இருக்க முடியாது."

"சொன்னா அந்தம்மாவோட பன்னண்டு வருஷம் போயிருமே."

"சொல்லலன்னா?"



மறுநாள் காலை மெகருன்னிசா வந்தார். முகம் வாடியிருந்தது, ஆனால் வாப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாராம். சவரிராயன் மேசைக்கு முன்னால் நின்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

"என் கையில வரல மேடம். நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க. மே மாசத்தோட விடுப்பு முடியுது."

"எத்தனை குப்பி எடுத்தீங்க?"

"ஏழு."

"ஏழுலயும் வரலையா?"

பொய் சொல்ல அதுதான் இடம். சவரிராயனுக்கு நாக்கு எழவில்லை.

"ஏழாவதுல பாதி வந்துச்சு."

"பாதியா?" மெகருன்னிசா நிமிர்ந்தார். "அந்தப் பாதியை எதால எடுத்தீங்க சார்?"

அவர் கண் இழுப்பறைக்குப் போனது.

மெகருன்னிசா இழுப்பறையைத் திறந்தார். கரண்டியை எடுத்து, தேய்ந்த நுனியைக் கட்டைவிரலால் தடவினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"சார், உப்பு காந்தமா?"

"இல்ல மேடம்."

"அலமாரியில சுத்தமான உப்பு இருக்கு. ரெண்டு குப்பியில கரைச்சுக் காய விடுங்க. நல்லா ஒட்டிக்கட்டும்."

காய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் மெகருன்னிசா வழக்கம்போல வகுப்புக்குப் போனார், விடைத்தாள் திருத்தினார், தாட்சாயணியின் கட்டுரையில் பிழை பார்த்தார். சவரிராயனுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு குப்பியைச் சவரிராயனிடம் கொடுத்து மரக்கரண்டியால் எடுக்கச் சொன்னார். இன்னொன்றைத் தானே எடுத்தார்.

கர்ர்... கர்ர்... டிங்.

சவரிராயன் அந்தச் சத்தத்தைக் கடைசியாகக் கேட்டது அன்றுதான்.

மூன்று பேரும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். மரத்தால் எடுத்த உப்பு உப்பாகவே இருந்தது. எஃகால் எடுத்த உப்பின் கோடு வளைந்தது. மெகருன்னிசா பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தன் கட்டுரையைப் பிரித்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே வளைவு.

"உப்பையும் காந்தமாக்கிட்டேன்," என்றார். "கைராசின்னா சும்மாவா?"

தாட்சாயணி அழத் தொடங்கினாள்.

"அழாத. கண்ணீர்லயும் உப்பு இருக்கு. அதையும் பிடிச்சு அளந்துடுவேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டு வெளியே போனாள்.

மெகருன்னிசா மேசைக்கு வந்து, கட்டுரையை வெளியிட்ட இதழுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'நாங்கள் கண்டது படிகத்தின் காந்தம் அல்ல. எங்கள் கரண்டியின் இரும்பு.' முதல் வரி அதுதான்.

"மேடம், ரெண்டு நாள் ஆறப் போட்டு எழுதலாமே. ஜூலைல ஜெர்மனியில பேசக் கூப்பிட்டிருக்காங்க."

"பேசறேனே. உப்பைப் பத்தி." எழுதிக்கொண்டே கேட்டார். "எத்தனை நாள் சார் மனசுல வச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் வீட்டுல சொன்னேன்."

"எனக்காகவா? மே மாசத்துக்காகவா?"

சவரிராயன் தரையைப் பார்த்தார்.

"ரெண்டுக்கும் மேடம்."

"எதுக்கு அதிகம்?"

"முதல் நாள் உங்களுக்கு. அப்புறம் அப்புறம் மே மாசத்துக்கு."

"சரியாத்தான் அளந்திருக்கீங்க," என்றார் மெகருன்னிசா. குரலில் குத்தல் இல்லை.

கடிதம் முடிந்தது. ஒருமுறை படித்தார். ஓர் இடத்தில் 'எங்கள் கரண்டி' என்றிருந்ததை அடித்து 'என் கரண்டி' என்று மாற்றினார். உறையில் போட்டார். அதன் மேல் அந்த எஃகுக் கரண்டியைப் பாரமாக வைத்தார்.

சவரிராயனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"பன்னிரண்டு வருஷம் மேடம்," என்றார். "அத்தனையும் போச்சா?"

மெகருன்னிசா எழுந்து ஜன்னலுக்குப் போனார். அங்கே இன்னும் தொடாத குப்பி ஒன்று இருந்தது. கண்ணாடியோரம் முழுக்கப் படிகங்கள். அதை வெயிலில் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் உள்ளே நுழைந்து வந்து அவர் மணிக்கட்டில் கத்திரிப்பூ நிறமாக விழுந்தது.

"பாருங்க சார்."

சவரிராயன் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்.

"அழகா இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

"பன்னிரண்டு வருஷமா இதுகிட்ட ஒரே கேள்விதான் கேட்டேன், நீ காந்தமான்னு. பாவம், அது ஒவ்வொரு தடவையும் இல்ல இல்லன்னுதான் சொல்லியிருக்கு." குப்பியை மெல்லத் திருப்பினார். பிறகு அவரைப் பார்த்துக் கையை நீட்டினார். "அந்த ஐஸ்கிரீம் கரண்டியில ஒண்ணு குடுங்க சார். இது என்னன்னு இனிமேதான் பாக்கணும்."

சவரிராயன் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார்.

அவர் மே மாதம் பட்டமில்லாமல் கல்லூரிக்குத் திரும்பினார். கோடை விடுமுறைகளில் வந்து வந்து, ஐம்பத்து மூன்றாம் வயதில் அதை வாங்கினார். மெகருன்னிசா போன வருடம் ஓய்வு பெற்றார். கடைசி நாள் வரை மரக்கரண்டியால்தான் படிகம் எடுத்தார். அதில் சத்தம் வராது.