ஜப்பான் யாரோட முறை?

இல்லைங்க, விடை தெரியாமத் தோக்கலை. கோணமடைக்காரங்க எல்லா விடையும் தெரிஞ்சு, மேடையில ஒழுங்கா உக்காந்து, நியாயப்படி தோத்தாங்க. அதுல சோணைமுத்துக்கு மட்டும்தான் கொஞ்சம் வருத்தம்.

சோணைமுத்து அந்த ஊர் படிப்பகத்தைப் பார்த்துக்கிறவரு. ஒரு ரூம்பு, ஒரு பெஞ்சு, ஒரு பேப்பரு. சம்சாரம் கண்ணுல படாம அவரு நிம்மதியா உக்கார ஊர்ல இருக்கிற ஒரே இடம் அது. பஞ்சாயத்துத் தலைவர் தவமணியம்மா ஒருநாள் எட்டிப் பார்த்தாங்க.

"இங்க யாராவது படிக்கிறீங்களா, இல்ல சும்மா உக்காந்திருக்கீங்களா?"

"உக்காந்துதான் தாயி படிக்கணும்" என்றாரு சோணைமுத்து.

"தாலுகாவுல வினாடி வினா வெக்கிறாங்க. ஷீல்டு வாங்கிட்டு வாங்க, நம்புறேன். இல்லைன்னா சொசைட்டி உர மூட்டையை இங்க இறக்கிடுவேன். அதுவும் சும்மாதான் உக்காந்திருக்கும், ஆனா பயிருக்காவது ஆகும்."

போட்டிக்குன்னு ஒரு சின்னப் புஸ்தகம் வந்துச்சு. கிராண்டுன்னு ஒரு பழைய அமெரிக்க ஜனாதிபதி, பதவி முடிஞ்சதும் பொண்டாட்டியோட கப்பலேறி ரெண்டு வருஷத்துக்கு மேல உலகம் சுத்தியிருக்காரு. எங்க போனாரு, யாரைப் பார்த்தாரு, அதுதான் பாடம். சோணைமுத்து ஒரே நாள்ல முழுசாப் படிச்சு முடிச்சுட்டாரு. அவருக்கு வேற வேலை இல்லை.

இங்க ஊர் வழக்கம் ஒண்ணு சொல்லணும். கோணமடையில கண்மாய்த் தண்ணி முறை வெச்சுத்தான் பாயும். இன்னைக்கு உன் முறைன்னா உன் வயலுக்கு. அடுத்தவன் முறையில மம்பட்டி வெச்சா பெரிய குத்தம். நல்ல வழக்கம்தான். இவங்க அதைத் தண்ணியோட நிறுத்தியிருக்கலாம். போன வருஷம் ஒய்யணனோட வைக்கப்படப்பு பத்திக்கிட்டப்ப, பக்கத்து வாய்க்கால்ல மூக்கையா முறைத் தண்ணி ஓடுச்சு. ஒய்யணன் வாளியைக் கையில வெச்சுக்கிட்டு, மூக்கையா சாப்பிட்டு வர்ற வரைக்கும் மரியாதையா நின்னான்.

அதே ஒய்யணன், மூக்கையா, சேவுகன் மூணு பேரும்தான் சோணைமுத்துவோட அணி. ஜனாதிபதியைப் பங்கு போட உக்காந்தாங்க.

"தலைமடை இங்கிலாந்து. அது அண்ணனுக்கு. ஜெர்மனி எனக்கு" என்றான் ஒய்யணன். "இந்தியா மூக்கையாவுக்கு. ஜப்பான் சேவுகனுக்கு."

சேவுகன் முகம் சுருங்கிருச்சு. "எப்பவும் எனக்குக் கடைமடைதானா? ஊரெல்லாம் சுத்திட்டு ஜப்பானுக்கு வந்து சேரும்போது அந்த மனுஷன்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்?"

"அங்க ரெண்டு மாசத்துக்கு மேல தங்கியிருக்காருப்பா" என்றாரு சோணைமுத்து.

"ரெண்டு மாசமா? அப்பச் சரி. ஒரு போகம் எடுத்துரலாம்."

புஸ்தகத்தை நாலாக் கிழிச்சு ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கிட்டாங்க. அடுத்தவன் தாளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலை.

போட்டிக்கு வந்ததே ரெண்டு ஊருதான். முதல்ல வடக்குப்பட்டிக்காரங்க ஏறினாங்க. நாலு கேள்வியில ரெண்டு சொன்னாங்க. அடுத்து இவங்க. கேள்வி கேட்டவரு பெஞ்சமின் சார், ரிட்டயர்டு வாத்தியாரு.

"இங்கிலாந்துல எந்த ராணி கிராண்டுக்கு விருந்து வெச்சாங்க?"

"விக்டோரியா" என்றாரு சோணைமுத்து. ஒரு மார்க்.

"ஜெர்மனியில யாரைப் பார்க்க வண்டி வெக்காம நடந்தே போனாரு?"

"பிஸ்மார்க்" என்றான் ஒய்யணன். சொல்லிட்டு உக்காரலை. அங்க என்ன பேசினாங்க, எங்க தங்கினாங்கன்னு தாள் முழுக்க ஒப்பிச்சான்.

"போதும்ப்பா, உக்காரு."

"என் முறை முடியலைங்களே ஐயா."

நேரத்தை வீணாக்கினதுக்கு அரை மார்க்கைப் பிடிச்சுக்கிட்டாரு. ஒண்ணரை மார்க். இன்னும் ஒரே ஒரு விடை சொன்னா ஷீல்டு. சோணைமுத்துக்குப் பெஞ்சு கண்ணுல தெரிஞ்சுச்சு.

"ஆக்ராவுல அவரு பார்த்த வெள்ளைப் பளிங்குக் கட்டடம் எது?"

பெஞ்சமின் சார் தலைக்கு மேல ஒரு காலண்டர் தொங்குச்சு. அதுல அந்தக் கட்டடமேதான். கூட்டத்துல ஒரு கைக்குழந்தைகூட அதைப் பார்த்துக் கையை நீட்டுச்சு. ஆனா இந்தியா மூக்கையா முறை. மூக்கையா ஒண்ணுக்குப் போயிருந்தான்.

"தெரிஞ்சவங்க யார் வேணாலும் சொல்லலாம்" என்றாரு பெஞ்சமின் சார்.

"எங்க ஊர்ல அந்தப் பழக்கம் இல்லைங்க" என்றான் ஒய்யணன்.

சேவுகன் எந்திரிச்சு ஓடினான். மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

"கேட்டுட்டேண்ணே. இந்தியாவை எனக்குக் குடுத்துட்டான்."

"அப்ப சொல்லு."

"நான் இந்தியா படிக்கலையே. ஜப்பான்தானே படிச்சேன்."

"மேல பாருடா, காலண்டரை."

"உங்க இங்கிலாந்தை நீங்க பாருங்கண்ணே. என் முறையில எதுக்கு வர்றீங்க?"

மணி அடிச்சுருச்சு. கடைசிக் கேள்வி. "ஜப்பான்ல அவரோட கை குலுக்கினது யாரு?"

சோணைமுத்துக்கு உசுரு திரும்பி வந்துச்சு. ராப்பகலா சேவுகன் உருப்போட்டது அந்த ஒரு வரியைத்தான். சேவுகன் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தான்.

"சொல்லுடா."

"தெரியும்ணே. ஆனா இந்தியாவுக்குப் பதிலா ஜப்பானை மூக்கையாவுக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

"அவன் எங்க?"

"இன்னும் வரிசையிலதான் நிக்கிறான். முன்னாடி ரெண்டு பேரு."

சோணைமுத்து நாக்கு நுனியில ஜப்பான் சக்கரவர்த்தி வந்து நின்னாரு. வாயைத் திறந்தாரு. இன்னைக்கு நாம ஜப்பான்ல கை வெச்சா, நாளைக்கு இவங்க நம்ம வயல்ல கை வைப்பாங்களேன்னு ஒரு யோசனை வந்துச்சு. வாயை மூடிக்கிட்டாரு. ஷீல்டு வடக்குப்பட்டிக்குப் போச்சு. மூக்கையா வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு வந்து, "ஜப்பான் வந்துருச்சா?"ன்னு கேட்டான்.

மறுநாளே படிப்பகத்துல அறுபது மூட்டை வந்து இறங்குச்சு. சோணைமுத்து தவமணியம்மா வீட்டு வாசல்ல ரெண்டு நாள் நின்னாரு. மூணாம் நாள் அந்தம்மாவுக்கு அலுத்துப் போச்சு.

"சரிப்பா, உங்க வழக்கப்படியே வெச்சுக்கங்க. சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்கும் உங்க முறை. மத்த நேரமெல்லாம் மூட்டை முறை. ஒரு ஓரமா உக்காந்து படிச்சுட்டுப் போங்க."

"ஓரமாவா?" என்றான் ஒய்யணன். "நம்ம முறையில அது எதுக்குங்க உள்ள இருக்கணும்?"

அதனால நாலு அடிச்சதும் நாலு பேரும் மூட்டையைத் தூக்கி வெளிய அடுக்க ஆரம்பிப்பாங்க. அறுபதையும் வெளிய எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். நேத்து அஞ்சு மணிக்குக் கடைசி மூட்டையை வெச்சுட்டு, சோணைமுத்து பெஞ்சுல உக்காந்து, தோளைத் தட்டிவிட்டு, பேப்பரைப் பிரிச்சாரு.

"அண்ணே, எந்திரிங்க" என்று வெளியில இருந்து குரல் கொடுத்தான் சேவுகன். "இப்பத் தூக்க ஆரம்பிச்சாத்தான் ஆறு மணிக்கு மூட்டைக்கு எடத்தைக் குடுக்க முடியும்."

"இன்னும் தேதியே படிச்சு முடிக்கலைடா."

"மாசம் வரைக்கும் வந்துட்டீங்கள்ல? வருஷத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம், வாங்க."

சோணைமுத்து பேப்பரை மடிச்சு வெச்சுட்டுப் போனாரு.