ஐகோர்ட்துரை வாங்கிய தேவலோக வீடு

நுகர்வோர் கோர்ட் வராந்தாவில் ஒரு ஃபேன் தொங்கியது. அது சுற்றுகிறதா, சும்மா தலையை ஆட்டுகிறதா என்று தெரிந்துகொள்ளவே தனியாக ஒரு கேஸ் போடலாம். அதற்குக் கீழே கிடந்த பெஞ்சில், சலவை வேட்டி கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் ஐகோர்ட்துரை. தூத்துக்குடிப் பக்கம் அந்தப் பெயர் புதிதில்லை, குலசாமி பெயர்.

"பேர்லயே ஐகோர்ட்ட வச்சிக்கிட்டு இந்தச் சின்னக் கோர்ட்டுல வந்து உக்காந்துருக்கேன் பாத்தியளா, எல்லாம் அந்தக் குணாளன் பண்ணுன வேல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஆரம்பித்தார்.

பக்கத்தில் இருந்தவர் பீர்முகமது. வடைக்கடைக்காரர். மாவு அரைக்காமல் மோட்டாரை மட்டும் அரைத்துக்கொண்ட ஒரு கிரைண்டருக்காக வழக்குப் போட்டவர். அவருக்கு அந்தப் பக்கம் சவரியம்மாள், ரிட்டயர்டு நர்ஸ், தனியாள். தேவலோகம் ஹோம்ஸ் குணாளனிடம் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக நாலு எல்லைக்கல்லை மட்டும் பார்த்தவர். இன்னமும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். பெஞ்சின் கடைசியில் ஐகோர்ட்துரையின் மனைவி தங்கபுஷ்பம், மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு.

ஐகோர்ட்துரை உப்பு லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஓட்டிச் சேர்த்ததை அப்படியே குணாளன் கையில் கொடுத்து வீடு வாங்கினார். தை மாதம் பால் காய்ச்சினார்கள். பங்குனியில் காரை உதிர்ந்தது. சித்திரையிலிருந்து குணாளன் போனை எடுப்பதில்லை. சவரியம்மாள் கேஸும் இவர் கேஸும் ஒன்றாகவே நடந்து, வாதமெல்லாம் முடிந்து, இன்றைக்குத் தீர்ப்பு.

ஏமாந்துவிட்டார் என்று ஊரில் யாராவது சொன்னால் ஐகோர்ட்துரைக்குச் சோறு இறங்காது. சின்னதாக ஏமாந்தவன் மடையன், உலகத்திலேயே யாரும் ஏமாறாத அளவுக்கு ஏமாந்தவன் பெரிய மனுஷன் என்று அவர் மனது ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தது. அதனால் சொல்லச் சொல்ல அந்த வீடு கெட்டுக்கொண்டே போனது.

"கேலண்டர் மாட்டலாம்னு சுத்தியல எடுத்தேன்" என்றார். "சுத்தியலப் பாத்த ஒடனே செவுரு வெலகி வழி விட்டுட்டு. ஆணி போச்சு, சுத்தியல் போச்சு, கேலண்டரும் பின்னாலயே போச்சு. இப்போ பக்கத்து வீட்டு அடுக்களைல தொங்குது. எனக்கு நல்ல நேரம் பாக்கணும்னா அவன் வீட்டுக் கதவத்தான் தட்டணும்."

"சுத்தியலத் திருப்பி வாங்கலையா?" என்றார் பீர்முகமது.

"தரமாட்டேங்கான். அவன் செவுத்துல மொளச்சது அவனுக்குத்தான் சொந்தமாம்."

பீர்முகமது சவரியம்மாளைப் பார்த்துக் கண்ணடித்தார். தங்கபுஷ்பம் தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "இவிய சொல்லுதத நம்பாதிய. கேலண்டர்லாம் போவல. ஆணியும் சுத்தியலுந்தான் போச்சு."

சிரிக்கத் திறந்த வாயைப் பீர்முகமது மூடிக்கொண்டார்.

"இது என்ன பெரிசு" என்று ஐகோர்ட்துரை தோளில் கிடந்த துண்டைச் சரி செய்தார். "தண்ணி ஓட குளிக்கிற ரூம்புக்கு வாட்டம் வைப்பாவ. குணாளன் தாராள மனசுக்காரன், மொத்த வீட்டுக்கும் வச்சிட்டான். இவ அடுக்களைல தட்டுல சோத்தப் போட்டுத் தரைல வச்சாப் போதும், அது பாட்டுக்கு ஹாலுக்கு வந்துரும். பின்னாலயே கொழம்பு வரும், அதுக்குப் பின்னால ரசம். வரிசை தப்பாது. ஒருநாள் நான் கொஞ்சம் அசந்துட்டேன், அப்பளம் வாசலத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டு. கண்டக்டர் அதுகிட்ட டிக்கெட் கேட்டுருக்கான்."

"அப்பளம் எப்படி அண்ணாச்சி உருளும்? அது லேசுல்லா?" என்றார் சவரியம்மாள். எத்தனையோ நோயாளிகள் விட்ட கதையைக் கேட்டவர்.

"அதான் பஸ் ஸ்டாப்போட நின்னுட்டு. இட்லியா இருந்தா திருச்செந்தூர்லதான் போய்ப் புடிச்சிருக்கணும்."

"இட்லி கேட்டு வரைக்குந்தான் போச்சு" என்றாள் தங்கபுஷ்பம்.

இப்போது வராந்தாவில் நின்றவர்கள் இரண்டு மூன்று பேர் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தார்கள். கூட்டம் சேர்ந்ததும் ஐகோர்ட்துரையின் குரலில் டாப் கியர் விழுந்தது.

"ஆத்து மணல்னு சொல்லிக் கடல் மணலப் போட்டுட்டான். மணலு பொறந்த எடத்த மறக்குமா? அமாவாசை, பவுர்ணமின்னா என் வீட்டு ஹால்ல தண்ணி ஏறும், எறங்கும். செவுத்துல நண்டு ஓடுது. இவ கடையில உப்பு வாங்கி எத்தன மாசம் ஆச்சுன்னு கேளுங்க. ரசத்துக்கு உப்பு பத்தலன்னா செவுத்தச் சொரண்டிப் போட்டுக்கிடுவா. உப்பளத்துக்காரர் ஒருத்தர் வந்து பெட்ரூம்ப மட்டும் குத்தகைக்குக் கேட்டாரு. அது கூடப் பரவாயில்ல. மீன்பிடித் தடைக்காலத்துல அதிகாரி வந்து, தடை முடியித வரைக்கும் நீங்க ஒங்க வீட்டுக்குள்ள போவக்கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாரு!"

"ஓய், போதும்வே!" என்று பீர்முகமது கையெடுத்துக் கும்பிட்டார். "கொஞ்சம் விட்டா கப்பல் வந்துச்சும்பீரு."

"வந்துச்சே. ஹால் லைட்டக் கலங்கரை வெளக்கம்னு நெனச்சுக் கப்பல்காரன் திரும்பிட்டான். அப்புறம் நான்தான் ரிவர்ஸ் சொல்லி அனுப்பி வச்சேன். லாரி ஓட்டுனவன்லா?"

எல்லாரும் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள். அவள் தூக்கின் மூடியை ஒருதரம் அழுத்தி விட்டுக்கொண்டாள். "கப்பலெல்லாம் வரல. நண்டு வந்தது நெசந்தான்."

"மழை பெஞ்சா ஒழுகுமா?" என்றார் கூட்டத்தில் ஒருவர், அவரும் வீடு கட்டிக்கொண்டிருப்பவர் போல, கவலையோடு.

"ஒழுகுமான்னு கேக்கியளே! வெளிய மழை விட்டாலும் உள்ள விடாது. மழை வந்தா நனையாம இருக்கணும்னு நாங்க ரெண்டு பேரும் தெருவுல போய் நின்னுக்கிடுவோம். போன ஐப்பசில ரேடியோவுல சொன்னானே, தூத்துக்குடி மாவட்டத்துல வறண்ட வானிலை, ஐகோர்ட்துரை வீட்டு உள்பகுதியில மட்டும் கனமழைன்னு. கேக்கலையா நீங்க?"

"குணாளன நேர்ல பாத்துக் கேக்கலையா வே?" என்றார் பீர்முகமது.

இந்தக் கேள்விக்காகத்தான் ஐகோர்ட்துரை காலையிலிருந்து காத்திருந்தார். எழுந்தே நின்றுவிட்டார்.

"கேக்காமயா? பழைய லாரிய எடுத்துக்கிட்டு வெரட்டுனேன். அவன் கார்ல ஓடுதான், நான் லாரில போறேன். கயத்தாறு தாண்டி, மதுர தாண்டி, ஒரு எடத்துல அவன் காரு பயத்துல அவன எறக்கி விட்டுட்டுத் தனியா ஓடிப்போச்சு. எறங்கி, சட்டையப் புடிச்சேன். கண்ணுல பொலபொலன்னு தண்ணி. ஆத்து மணல்ல கட்டுன யோக்கியன் மாதிரி அழுதான். இனிமே அண்ணாச்சி நிக்கித தெசைக்கே வரமாட்டேன்னு சத்தியம் பண்ணுனான். என் பேரக் கேட்டா இன்னைக்கும் அவனுக்குக் காய்ச்சல் வரும். இந்த அம்மாகிட்ட வேணும்னா ஊசி போட்டுக்கிடட்டும்."

சொல்லி முடிக்கவில்லை. வாசலில் வெள்ளை கார் நின்றது. கருப்புக் கண்ணாடியும் பட்டுச் சட்டையும் சந்தன வாசனையுமாகக் குணாளன் இறங்கி, நேராகப் பெஞ்சை நோக்கி வந்தார். காய்ச்சல் அடித்த மாதிரித் தெரியவில்லை.

ஐகோர்ட்துரையின் தோளில் இருந்த துண்டு தானாகக் கைக்கு இறங்கியது.

"வாங்க அண்ணாச்சி" என்றார்.

வராந்தாவில் யாரோ செருமினார்கள். பீர்முகமது கூரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஃபேன்கூட நின்றுபோனது.

குணாளன் அவர் தோளில் கை போட்டு, தண்ணீர்ப் பானைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "நீங்க ஊரெல்லாம் பேசுறதக் கேட்டேன் அண்ணாச்சி. கோவமே இல்ல. என்ன ஒரு வாய் ஒங்களுக்கு! ஒங்கள மாதிரி ஒருத்தர் என் ஆபீஸ்ல இருந்தா நான் மெட்ராஸ் வரைக்கும் வீடு வித்துருவேன்."

ஐகோர்ட்துரைக்கு எந்தப் பக்கம் சிரிப்பது என்று தெரியவில்லை.

"ஒரே ஒரு கதை எனக்காகச் சொல்லுங்க. உள்ள போய், வீடு நல்லாத்தான் இருக்கு, கோவத்துல கேஸ் போட்டுட்டேன், சமாதானமாப் போயிட்டோம்னு சொல்லணும். சாயங்காலமே ஆள் அனுப்பி ஒங்க வீட்ட மொத்தமா மாத்திக் குடுத்துருதேன். என் வேலை சுத்தம்னு நீங்களே சொல்லிட்டா, அந்த நர்சம்மா வீடு வேண்டாம்னு தானாத்தான் வெலகிட்டாங்கன்னு வக்கீல் சாதிச்சுருவாரு. முன்பணம் என்கிட்டயே நின்னுரும். ஒங்களுக்கு என்ன நட்டம்? எவ்வளவோ புளுகுறீங்க, அதுல ஒண்ணு."

ஐகோர்ட்துரை திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். தங்கபுஷ்பத்தின் காலில் சேற்றுப் புண்ணுக்குப் போட்ட மருந்து தெரிந்தது. ஈரத் தரையில் நின்று சமைத்துச் சமைத்து வந்த புண். இந்தக் கேஸுக்கு வந்து போன பழக்கத்தில் சவரியம்மாள்தான் அதற்கு மருந்து வாங்கிக் கொடுத்திருந்தார். நல்ல தரை, ஒழுகாத கூரை, சாத்தினால் சாத்திக்கொள்கிற கதவு. ஒரு வார்த்தைதான். அவர் பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்தார். பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சவரியம்மாளும் தங்கபுஷ்பமும் கூடவே உள்ளே போனார்கள்.

உள்ளே குணாளனின் வக்கீல் முந்திக்கொண்டு எழுந்தார். மனுதாரரும் எதிர்தரப்பும் சமரசமாகிவிட்டார்கள், வீட்டில் குறையே இல்லை என்று மனுதாரரே சொல்லப் போகிறார் என்றார். சவரியம்மாள் ஐகோர்ட்துரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்படியா?" என்று கோர்ட் தலைவர் கேட்டார். "வீடு நல்லா இருக்கா?"

ஐகோர்ட்துரை கூண்டின் கட்டையைப் பிடித்தார். குணாளன் கண்ணாடியைக் கழற்றிப் புன்னகை செய்தார். நல்லாருக்கு என்று சொல்ல ஐகோர்ட்துரையின் வாய் ஒருதரம் திறக்கக்கூடச் செய்தது. வெறும் காற்றுதான் வந்தது.

"அய்யா, நான் புளுகுதவன்தான். ஊருக்கே தெரியும். வெளிய உக்காந்து இப்பக் கூடப் புளுகிட்டுத்தான் வந்தேன். புளுகுறதுன்னா எனக்குச் சோறு மாதிரி. ஆனா அதுக்கும் ஒரு மட்டு மரியாதை இருக்குல்லா? குணாளன் கட்டுன வீடு நல்லாருக்குன்னு புளுகுத அளவுக்கு எனக்குத் தெறமை பத்தாது அய்யா. அதுக்கெல்லாம் அவருதான் ஆளு. அவரையே சொல்லச் சொல்லுங்க."

சபையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. குணாளன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். சவரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

தலைவர் தீர்ப்பைப் படித்தார். சவரியம்மாளின் முன்பணத்தைக் குணாளன் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ஐகோர்ட்துரையின் வீட்டை எதிர்தரப்பே தன் செலவில், தன் ஆட்களை வைத்து...

"அய்யா!" என்று ஐகோர்ட்துரை அலறினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரலில் ஒரு சொட்டு மிகை இல்லை. "குத்தம் பண்ணுனது அவரு. தண்டனை எனக்கா?"

தலைவர் பேனாவை வைத்துவிட்டு இரண்டு பக்கத்திலும் இருந்த உறுப்பினர்களையும் பார்த்தார். மூன்று பேரும் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். வேறு என்ஜினீயர் வைத்து ஐகோர்ட்துரையே செய்துகொள்ளலாம், ஆகிற செலவைக் குணாளன் கட்ட வேண்டும் என்று உத்தரவு மாறியது. குணாளன் அப்பீல் போவேன் என்று சொல்லிக்கொண்டே வெளியேறினார். அவர் எங்கே போவதாகச் சொன்னாலும் யாரும் நம்பிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் சவரியம்மாள் ஐகோர்ட்துரையின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். "அண்ணாச்சி, பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஐகோர்ட்துரை அவர் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். அதுவரை அவர் அவ்வளவு நேரம் சும்மா நின்று யாரும் பார்த்ததில்லை.

கிரைண்டர் கேஸ் வாய்தா போய், பீர்முகமது அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். உள்ளே நடந்தது அவருக்குத் தெரியாது. "என்னவே ஆச்சு? சத்தமா இருந்துச்சு" என்றார்.

ஐகோர்ட்துரையின் கையிலிருந்த துண்டு தோளுக்கு ஏறியது.

"என்ன ஆச்சா? நான் பேச ஆரம்பிச்சதும் குணாளன் உருகி ஊத்திட்டான். தரையத் தொடச்சுதான் எடுத்தாவ. எதிர்க்கட்சி வக்கீல் தன்னோட கோட்டக் கழத்தி எனக்குப் போத்தி விட்டான். கடைசில, கேளும், கோர்ட்டு தலைவர் இருக்காருலா, நான் பேசி முடிச்சதும் நாற்காலிய விட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு! அவரு மட்டுமா, மூணு பேரும் எந்திரிச்சு நின்னாவ!"

பீர்முகமது தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்.

"எந்திரிச்சாவ" என்றாள் தங்கபுஷ்பம், தூக்கைத் திறந்துகொண்டே. "சாப்பாட்டு நேரம் ஆயிட்டுல்லா."