கூண்டில் நின்ற மொழிபெயர்ப்பாளன்

வெள்ளைக்காரன் ஜெர்மனியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு பஞ்சு மில்லில், யுத்த நிதிக்கென்று தொழிலாளிகளின் கூலியில் பிடித்தம் தொடங்கியது. விருப்ப நன்கொடை என்றுதான் பெயர். யாருடைய விருப்பம் என்று மட்டும் கேட்கக் கூடாது. கொடுக்காதீர்கள் என்று மேடையேறிச் சொன்னால் ஜெயில்.

அந்த மில்லில் மேஸ்திரியாக இருந்தவன் திருமலைச்சாமி. வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ் என்று வளர்ந்தவன். அதனால் பெஜவாடாவிலிருந்து தொழிற்சங்கத் தலைவர் சேஷகிரி ராவ் வந்தபோது, அவருடைய தெலுங்கைத் தமிழாக்கும் வேலை இவன் தலையில் விழுந்தது.

ராவ் ஏற்கெனவே ஜெயிலில் கிடந்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர். பேச்சில் ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்துத்தான் வைப்பார். "கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் இஷ்டம். இஷ்டமில்லாதவனிடம் பிடிப்பது நியாயமில்லை" என்பதுதான் அன்று அவர் சொன்னது. அதற்குமேல் ஒரு எழுத்து இல்லை.

மேடைக்குக் கீழே போலீஸ் ஏட்டு குருபாதம் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெலுங்கு சுத்தமாகத் தெரியாது. தமிழில் வருவதைத்தான் ராவ் பேசியதாக எழுதுவார். அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சொல்லாததை எழுதிவிடக் கூடாதே என்று, ஏட்டின் பென்சில் ஓயும்வரை மேடையில் இருப்பவர் காத்திருப்பார். வேறெந்த ஊரில் போலீசுக்கு இவ்வளவு உபசாரம் செய்வார்களோ தெரியாது. அந்த உபசாரம்தான் அன்று வினையாகப் போயிற்று.

திருமலைச்சாமி பென்சிலுக்காகக் காத்து நின்ற இடைவெளியில், பெண்கள் பக்கமிருந்து மாராத்தாள் எழுந்தாள். நூல் சுற்றும் பகுதியில் வேலை செய்பவள், கைப்பிள்ளைக்காரி. "இது தொரைமாரு சண்டைங்க! நம்ம கூலியில ஒரு சல்லி குடுக்காதீங்க!" என்றாள்.

சொன்னது பக்கத்திலிருந்த பத்துப் பேருக்கும் மேடைக்கும் கேட்டது. எழுத்தில் குனிந்திருந்த ஏட்டுக்குக் கேட்கவில்லை. திருமலைச்சாமிக்கு மயிர் கூச்செறிந்தது. ராவின் வாக்கியத்தை விட்டுவிட்டு, அவள் சொன்னதைத் தகரக் குழாயில் வாய் வைத்து முழங்கிவிட்டான். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. தமிழ் தெரியாத ராவ், தம் பேச்சுக்குத்தான் இத்தனை வரவேற்பென்று எண்ணி இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். ஏட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த சம்பள நாளில் பாதி மில் பிடித்தத்துக்குச் சம்மதிக்கவில்லை. ராவ் கைதானார். திருமலைச்சாமிக்குச் சர்க்கார் தரப்புச் சாட்சியாகச் சம்மன் வந்தது.

அவன் முதலில் லாக்கப்புக்குப் போய் ராவைப் பார்த்தான். அந்த வாக்கியத்தின் பொருள் அவருக்கு அங்கேதான் தெரிந்தது. கேட்டுவிட்டுத் தெலுங்கில், "நான் சொன்னதாகவே சொல்லிவிடு. தலைவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று வெளியே தெரிந்தால், அதை நம்பிக் கூலியைக் காத்துக்கொண்டவர்கள் நாளைக்கே பயந்து பணிந்துவிடுவார்கள்" என்றார்.

திரும்பும் வழியில் மாராத்தாள் மறித்துக்கொண்டாள்.

"நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடுங்கண்ணா."

"புள்ளயத் தூக்கிட்டு ஜெயிலுக்குப் போவியா?"

"போறேன். பேசுனது நானுங்க. பொம்பள பேசுனா அது பேச்சுக் கணக்குல வராதுங்களா?"

அவனுடைய மனசோ மூன்றாவதாக ஒன்று சொன்னது. குழாயில் வாய் வைத்தவன் நீதானே, பழியை நீயே ஏற்றுக்கொள் என்றது. ஆனால் வீட்டில் பக்கவாதத்தில் கிடக்கும் அப்பனுக்கு இவனை விட்டால் வாயில் கஞ்சி ஊற்ற ஆளில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சாட்சிக்கே போகாமல் இருந்தால்? அதற்கும் வாரண்டு வரும், ஏட்டின் எழுத்தே ராவை உள்ளே தள்ளும்.

கோர்ட்டில் சத்தியம் வாங்கினார்கள். சர்க்கார் வக்கீல் வாக்கியத்தைப் படித்தார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இது யார் சொன்ன வார்த்தை? ஒரே பெயர் சொல்லு. சுற்றி வளைக்காதே."

குற்றவாளிக் கூண்டிலிருந்து ராவ் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் மாராத்தாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

இதைப் படிப்பவரே, நீங்கள் சொல்லுங்கள். தன் பெயரைச் சொல்லச் சொன்ன ராவ், தன் பெயரைச் சொல்லச் சொன்ன மாராத்தாள், பழியை ஏற்கச் சொன்ன அவன் மனசு, இந்த மூன்றில் எது கேட்டது சரி?

விடை: மாராத்தாள் கேட்டதுதான் சரி. ராவ் ஊருக்காக ஒரு பொய் கேட்டார், மனசு இரக்கத்துக்காக ஒரு பொய் கேட்டது. அவள் ஒருத்திதான் தனக்குச் சொந்தமானதைக் கேட்டாள். பேச்சுரிமை, பேச்சுரிமை என்று மேடையில் தொண்டை கிழிய முழங்கிய ஆண்களுக்கு அது மட்டும் புரியவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. கோர்ட்டில் திருமலைச்சாமியோ தன் பெயரையே சொன்னான். ராவ் விடுதலையானார், இவன் அலிப்புரம் ஜெயிலுக்குப் போனான், அப்பன் அந்த ஆண்டைத் தாண்டவில்லை. மாராத்தாளையாவது காப்பாற்றினோமே என்றுதான் அவன் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தான். ஆனால் அவள் அடுத்த கூட்டத்தில் தானே மேடையேறி அதையே மறுபடியும் சொன்னாள். கைது செய்ய வந்தவர்களிடம், "இந்தத் தடவையாச்சும் எம் பேர எழுதிக்குங்க" என்றாள். வேலூர் சிறைக்குப் பிள்ளையோடு போனாள்.