ஆளில்லாமல் ஆடிய ஊஞ்சல்

வெகு காலத்துக்கு முன்பு வெண்குன்ற நாட்டை அதிரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாட்டை ஆண்ட நேரத்தைவிட அரண்மனையின் கட்டில்களையும் சுவர்களையும் இடம் மாற்றிய நேரம்தான் அதிகம். நேற்று வாசல் இருந்த இடத்தில் இன்று சுவர் இருக்கும். மகாராணி குளித்துவிட்டு வந்தால், தன் அறை எந்தப் பக்கம் என்று தாதியிடம் கேட்க வேண்டும். ஒருமுறை சமையலறையை மாந்தோப்புக்கு மாற்றினார். மழை வந்தது, குழம்பு பெருகியதுதான் மிச்சம்.

இந்தக் கூத்துக்கெல்லாம் துணை, அலங்கார அதிகாரி ஏகம்பர். ராஜா எதைச் சொன்னாலும் "ஆகா!" என்பார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

ஒருநாள் ராஜா சலித்துக்கொண்டார். "வீட்டுக்குள் இருந்தால் தோட்டத்தில் உட்காரத் தோன்றுகிறது. தோட்டத்துக்குப் போனால் வீடு தேவலை என்றிருக்கிறது. நான் எங்கேதான் உட்காருவது?"

ஏகம்பர் பொன் தகடு, பட்டுத் திரை என்று அடுக்கினார். அமைச்சர் மருதவாணரோ, "இரண்டுக்கும் நடுவில் உட்காருங்கள், அரசே" என்றார். "மூன்று பக்கமும் சுவரில்லாத ஒரு கூடம். தூண்களில் முல்லை ஏறட்டும். தரையில் ஒரு சின்னக் குளம். காலமான பெரிய ராஜாவின், உங்கள் அப்பாவின், பலாப்பலகை ஊஞ்சல் சாமான் அறையில் தூசி படிந்து கிடக்கிறது. அதை எண்ணெய் பூசி மாட்டினால் போதும்."

கூடம் எழுந்தது. ராஜா அதைவிட்டு நகரவே இல்லை. அமைச்சருக்கு முத்துமாலை கிடைத்தது, ஏகம்பருக்கு வயிற்றெரிச்சல் கிடைத்தது.

பிறகுதான் அது தொடங்கியது. நல்ல உச்சிவெயில். ஓர் இலை அசையவில்லை. ஊஞ்சல் மட்டும் கிறீச்சிட்டு மெல்ல ஆடியது. பலகையில் யாரும் இல்லை. குளத்து மீன்களெல்லாம் ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டன. மறுநாள் உச்சியிலும் ஆடியது. தாதிகள் கூடத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். ராஜா சின்னப் பிள்ளை மாதிரி தூணைக் கட்டிக்கொண்டார்.

"என் கண்ணுக்குத் தெரிகிறது, அரசே" என்றார் ஏகம்பர். "பெரிய ராஜாதான் உட்கார்ந்திருக்கிறார். தன் பலகையை மருதவாணர் தொட்டதில் அவருக்குப் பொல்லாத கோபம். தொட்டவனைச் சுவருக்குள் வைத்துக் கட்டினால்தான் ஆட்டம் நிற்குமாம்."

ராஜா ஒரு நாழிகை யோசித்தார். அப்புறம் கேட்டார்: "சுவரைக் கூடத்தின் மேற்கே கட்டினால் வெயில் படாது, இல்லையா?"

பாருங்கள், ஒரு மனிதனின் உயிர் போகப்போகிறது, இவருக்கு நிழல்தான் கவலை! எனக்கு அந்த ராஜாவை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த நாள் காலையிலேயே சுண்ணாம்பில் கருப்பட்டிச்சாறு கலந்தார்கள். ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுச் செங்கல் எழும்பியது. அந்த இடைவெளியைப் பார்த்து மருதவாணரின் மனைவி மயங்கி விழுந்தாள்.

"உள்ளே போகத் தயார்" என்றார் மருதவாணர். "ஆனால் பெரிய ராஜாவின் தீர்ப்பை அவர் சந்நிதியிலேயே கேட்டுவிட்டுப் போகிறேன்."

உச்சிவேளையில் சபை கூடத்தில் கூடியது. கிறீச் என்றது சங்கிலி. ஊஞ்சல் அசைந்தது. ராஜா கைகூப்பினார், சபையே கைகூப்பியது. ஏகம்பர் தாம்பூலத்தை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்து, ராஜாவைப் பார்த்து நின்றார்.

"தாமதம் ஏன் என்று சீறுகிறார், அரசே!"

"இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார் மருதவாணர்.

"இதோ, எனக்குப் பின்னால், பலகையில்."

"நன்றாகத் தெரிகிறதா?"

"மீசை துடிப்பதுகூடத் தெரிகிறது."

மருதவாணர் ராஜாவிடம் திரும்பினார். "அரசே, பெரிய ராஜாவின் சபையில் யாராவது அவருக்கு முதுகு காட்டியதுண்டா? அவரைப் பார்த்தபடி பின்புறமாக நடந்துதானே வெளியே போவோம். வாயில் வெற்றிலையோடு வந்த சேனாதிபதியை அவர் நாடு கடத்தினாரே! உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, நீங்களே கைகூப்பி நிற்கிறீர்கள். மீசை துடிப்பதைப் பார்ப்பவர் மட்டும் முதுகைக் காட்டி வெற்றிலை மெல்லுகிறார். அங்கே யாரும் இல்லை என்று இந்தச் சபையில் உறுதியாகத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்."

ஏகம்பர் சட்டென்று ஊஞ்சல் பக்கம் திரும்பினார். வெற்றிலை தொண்டையில் சிக்கி இருமினார். ராஜாவின் முகம் சிவந்ததைக் கண்டதும் காலில் விழுந்து உண்மையைக் கக்கிவிட்டார். முல்லைக்கொடிக்குள் மறைத்து ஒரு குதிரைமுடிக் கயிறு. பக்கத்துப் பூ அறையில் இருந்து அதை இழுக்க ஓர் ஆள். ராஜா தன் கையாலேயே கயிற்றை அறுத்தெறிந்தார்.

"இவனை அந்தச் சுவருக்குள் வையுங்கள்!"

"வேண்டாம், அரசே. சுவரே வேண்டாம், கூடத்தின் அழகு கெட்டுவிடும். தினமும் உச்சியில் இவரே வந்து ஊஞ்சலை ஆட்டட்டும்."

"ஆளில்லாத ஊஞ்சலை ஆட்டக்கூடாது என்பார்களே?"

"ஆள் இருக்கிறார் என்று இவர்தானே சொன்னார்!"

சபை கொல்லென்று சிரித்தது. மருதவாணருக்கு இரண்டாவது முத்துமாலை விழுந்தது. செங்கற்களை அன்றே பிரித்துப் போட்டார்கள்.

மறுநாள் வேடிக்கை பார்க்க அரண்மனையே திரண்டது. ஏகம்பர் தலைகுனிந்து வந்து, பலகையை ஒரு கையால் தள்ளினார். அது அசையவில்லை. "சாப்பிடவில்லையா, அதிகாரி?" என்று யாரோ கேட்டார்கள். அவர் இரண்டு கையையும் வைத்து, காலை ஊன்றித் தள்ளினார். சங்கிலி முனகியது. பலகை மெள்ள மெள்ள நகர்ந்து, அதே நிதானத்தில் திரும்பி வந்தது.

ஏகம்பர் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அரசே, இது வெறும் பலகைதானே? ஏன் இவ்வளவு கனக்கிறது?"

சிரிப்பு அடங்கியது. ராஜா மருதவாணரைப் பார்த்தார். எதற்கும் பதில் வைத்திருக்கும் அந்த மனிதர் ஊஞ்சலை நோக்கிக் கைகூப்பினார்.

ராஜா தணிந்த குரலில் சொன்னார்: "மெதுவாகவே தள்ளும், ஏகம்பரே. வேகமாக ஆடினால் அப்பாவுக்குத் தலை சுற்றும்."