தண்ணீரில் இறங்காத நீர்நாய்க்குட்டி

ஏரிக்கரையில் ஒரு நாரை இருந்தது. இரை தேடப் போகும் தாய்கள் தங்கள் குட்டிகளை அதனிடம் விட்டுப் போகும். முயல்குட்டி, கீரிக்குட்டி, நீர்நாய்க்குட்டி என்று எந்நேரமும் ஒரே கூச்சல்.

ஒருநாள் காலை தாய் நீர்நாய் கவலையோடு வந்தது.

"நாரையக்கா, மேற்கே இடி இடிக்குது. ஏரி பெருகினா எங்க வளை மூழ்கிடும். ராத்திரிக்குள்ள அக்கரை போயாகணும். இவன் கவ்வித் தூக்கிட்டுப் போற வயசைத் தாண்டிட்டான். தண்ணியில கால் வைக்கவே மாட்டேங்கிறான்!"

"விட்டுட்டுப் போ. சாயங்காலம் மீன் மாதிரி நீந்துவான்!" என்றது நாரை. வாய்க்கு என்ன குறைச்சல்?

உடனே பாடம் ஆரம்பமானது.

"இதோ பார்! தலையை இப்படி விடணும்!"

சளக்! வெளியே வந்த அலகில் ஒரு கெண்டை துடித்தது. நாரை அதை விழுங்கிக்கொண்டே, "எவ்வளவு சுலபம், பார்த்தியா! இறங்கு!" என்றது.

குட்டி நாலடி பின்னால் போனது.

"தண்ணியைக் கண்டு ஓடுற நீர்நாய்!" என்று கீரிக்குட்டி உருண்டு சிரித்தது.

நாரை அதை அதட்டியது. மறுபடி செய்து காட்டியது. சளக்! பிறகு அலகால் முதுகில் ஒரு தள்ளு. குட்டி அலறிக்கொண்டு புதருக்குள் புகுந்துகொண்டது.

பொழுது சாய்ந்தது. இடி நெருங்கியது. தாய்க்கு என்ன பதில் சொல்வது? கத்திக் கத்தி நாரைக்குத் தொண்டை வற்றிவிட்டது. சலித்துப்போய்த் தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்றது. மீனுக்காக அரைநாள் அசையாமல் நிற்கும். பிள்ளைக்காக அப்படி நின்றது அன்றுதான்.

குட்டி மெல்ல வெளியே வந்தது. கரையில் குந்தித் தண்ணீரை அளைந்தது. முகத்தை நனைத்துக்கொண்டு சிரித்தது.

'அட, இவனுக்குத் தண்ணீர் பிடித்திருக்கிறதே!'

அந்த நேரம் பார்த்து ஒரு மீன் காலடியில் வந்தது. பழக்க தோஷம், நாரையின் கழுத்து வளைந்தது. குட்டி துள்ளிப் பின்வாங்கியது. அதன் கண் தண்ணீர்மேல் இல்லை. அலகின்மேல் இருந்தது.

நாரை மீனை விட்டுவிட்டது.

"ஏண்டா, என்னைக் கண்டா பயம்?"

"தண்ணிக்குள்ள இருக்கிறவங்களை எல்லாம் நீங்க கொத்தித் தின்னுடுறீங்களே, அத்தை!"

நாரைக்குச் சுருக்கென்றது. கரையேறியது. தூரத்து மரத்தடியில் போய், அலகை இறக்கைக்குள் செருகிக்கொண்டு, ஒரு கண்ணால் மட்டும் பார்த்தபடி நின்றது.

முதல் தூறலோடு தாய் ஓடிவந்தபோது, குட்டி தண்ணீரில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது.

"எப்படிச் சொல்லிக்கொடுத்தீங்க அக்கா?"

"சொல்லிக்கொடுக்கிறதை நிறுத்தினேன். பேசாம கிளம்பு, மழை வலுக்குது!"

இரண்டு தலைகள் அக்கரையை நோக்கி நீந்திப் போயின.

பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வாயைத் திறக்கும் முன், அது என்ன செய்கிறது, எதைப் பார்த்து மிரளுகிறது என்று கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்க்க வேண்டும்.